யாரைக் கேட்டு ஏறினேன்?

1998ல் பாளையங்கோட்டையில் எம்.ஏ. தமிழ் படித்துக்கொண்டிருந்தேன். மழை விட்ட காலைகளில் விடுதி மொட்டைமாடியிலிருந்து மேற்கே பொதிகை மலை நீலமாகத் தெரியும். அந்த வருஷத் தேர்வில் அகத்தியம் பற்றிப் பதினைந்து மதிப்பெண் கேள்வி ஒன்று வந்தது. நமக்குக் கிடைக்காமலே போன ஒரு நூலைப் பற்றி, நான் போயிராத ஒரு மலையைப் பற்றி, இருந்தாரா இல்லையா என்று பேராசிரியர்கள் இன்னமும் சண்டை போடுகிற ஒரு முனிவரைப் பற்றி ஐந்து பக்கம் எழுதினேன். பன்னிரண்டு மதிப்பெண் கிடைத்தது.

அடுத்த பிப்ரவரியில் வகுப்புப் பையன்கள் ஏழு பேர் திருவனந்தபுரம் போய், அனுமதி வாங்கி, அகத்தியர்கூடம் ஏறிவிட்டு வந்தார்கள். ஒரு வாரம் நொண்டி நொண்டித்தான் வகுப்புக்கு வந்தார்கள். எல்லாரும் பார்க்கட்டும் என்று நொண்டினார்கள். எங்களுக்கு ஆளுக்கொரு கூழாங்கல் கொண்டுவந்திருந்தார்கள். "பொம்பளைங்க அங்க போகக்கூடாது, தெரியும்ல?" என்றான் ஒருவன். தெரியும். ஏன் என்று வகுப்பிலிருந்த நாங்கள் ஐந்து பெண்களும் கேட்கவில்லை. கல்லை வாங்கிக்கொண்டோம்.

இருபத்தைந்து வருஷம் கழித்து, 2024 பிப்ரவரியில், நாற்பத்தாறு வயதில் அந்த மலையில் ஏறினேன். நடுவில் என்ன மாறியது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அகத்தியர்கூடம் 1,868 மீட்டர் உயரம். மேற்கே கேரளத்தின் நெய்யாறு சரணாலயம், கிழக்கே நம்முடைய களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம். தாமிரபரணி கிழக்கே இறங்குகிறது, நெய்யாறும் கரமனையாறும் மேற்கே இறங்குகின்றன. இதைச் சுற்றியுள்ள 3,500 சதுர கிலோமீட்டர் காடு 2001ல் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. 2016ல் யுனெஸ்கோவின் பட்டியலிலும் சேர்ந்தது. ஜனவரி நடுவிலிருந்து சில வாரங்கள் மட்டும், தினமும் குறிப்பிட்ட எண்ணிக்கையினரைக் கேரள வனத்துறை மேலே விடுகிறது. பல வருஷங்களாக அந்த எண்ணிக்கையில் பெண்கள் கிடையாது. பெண்கள் அமைப்புகள் வழக்குப் போட்டன. பெண் என்பதற்காக யாரையும் தடுக்கக் கூடாது என்று 2018 நவம்பரில் கேரள உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2019 ஜனவரியில் தன்யா சனல் என்ற மத்திய அரசு அதிகாரி உச்சிக்குப் போய்வந்தார். சபரிமலைத் தீர்ப்பையொட்டிக் கேரளம் கொதித்துக்கொண்டிருந்த நேரம் அது. நாடு முழுக்கப் பத்திரிகைகளில் செய்தி வந்தது.

அந்தச் செய்தியை ஆங்கிலத்திலிருந்து தமிழாக்கியவர்களில் நானும் ஒருத்தி. உற்சாகமாகச் செய்தேன். விடுதி மொட்டைமாடி ஞாபகம் வந்தது. ஆங்கில மூலத்தின் கடைசிப் பத்தி, மலையடிவாரத்துக் காணி மக்கள் இதை எதிர்த்து உட்கார்ந்ததைப் பற்றியது. பக்கத்தில் இடம் போதவில்லை. எந்தப் பத்தியை எடுப்பது என்று யோசிக்க எனக்கு அரை நிமிஷம்கூடப் பிடிக்கவில்லை.

*

திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரா வழியாகப் போணக்காட்டுக்குப் பேருந்து போகிறது. ஒரு காலத்தில் அங்கே தேயிலைத் தோட்டம் ஓகோவென்று நடந்தது. இப்போது தொழிற்சாலை சும்மா நிற்கிறது. தேயிலைச் செடிகள் வெட்டுவாரில்லாமல் மரமாகிவிட்டன. தகரக் கூரை லயங்களில் சில குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த ஒரு அம்மா, நான் கேட்ட மலையாளத்துக்குச் சுத்தமான தென்பாண்டித் தமிழில் பதில் சொன்னார். தாத்தா காலத்தில் மலை தாண்டி வேலைக்கு வந்தவர்களாம்.

வனத்துறைச் சாவடியில் பைகளைக் கொட்டிப் பார்க்கிறார்கள். பிளாஸ்டிக் கூடாது, மது கூடாது, பூஜைச் சாமான் கூடாது. எனக்கு முன்னால் நின்ற பெரியவரின் பையிலிருந்து கற்பூரப் பொட்டலம் வெளியே வந்தது. அவர் கெஞ்சினார். காவலர் மரியாதையாக வாங்கி ஓரமாக வைத்துக்கொண்டார்.

பத்துப் பேருக்கு ஒரு வழிகாட்டி. எங்களுக்கு வந்தவர் காணி. அறுபதுக்குப் பக்கம் இருக்கும். ஒல்லி உடம்பு, தேய்ந்த ரப்பர் செருப்பு, கையில் ஒரு கத்தி. விலை உயர்ந்த காலணிகளுடன் நின்ற எங்களை ஒருமுறை பார்த்துக்கொண்டார். அண்ணாச்சி என்று கூப்பிட்டேன். பாளையங்கோட்டைப் பழக்கம். சிரித்தார். அவர் பேசியது தமிழா மலையாளமா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. இரண்டுக்கும் நடுவே ஓடுகிற ஒரு பேச்சு. இங்கே அதை என் தமிழில்தான் தர முடிகிறது.

முதல் நாள் அதிருமலை முகாம்வரை சுமார் பதினைந்து கிலோமீட்டர். தொடக்கத்தில் காடு சாதுவாக இருந்தது. கரமனையாற்றில் முகம் கழுவினோம். அடுத்தடுத்து ஓடைகள். அட்டையாறு என்று ஒன்று. பெயருக்குக் குறைவில்லாமல், பிப்ரவரி வெயிலிலும் என் கணுக்காலில் ஒரு அட்டை. பிடுங்காதே, தானாக விழட்டும் என்றார் அண்ணாச்சி. நான் கேட்கவில்லை, பிடுங்கினேன். இரவுவரை ரத்தம் கசிந்தது.

அட்டையாற்றுக்கு அப்பால் நிழல் போய்விட்டது. இடுப்பளவுப் புல், தலைக்கு நேராக வெயில். பிறகு ஏழுமடக்குத் தேரி. எங்கள் ஊர்ப் பக்கம் தேரி என்றால் செம்மணல் மேடு. திசையன்விளையிலும் சாத்தான்குளத்திலும் பனைமரத்தோடு கிடக்குமே, அது. இங்கே தேரி என்றால் செங்குத்தான ஏற்றம். மேட்டுக்கு இரண்டு பக்கமும் ஒரே சொல்தான். என்ன, இந்த மேடு ஏழு முறை மடிகிறது. அதற்கும் மேலே முட்டிடிச்சான் தேரி. ஏறும்போது முழங்கால் முகவாயில் இடிக்கும் என்பதால் அந்தப் பெயர் என்றார்கள். சொற்பிறப்பை நேரடியாகச் சரிபார்த்துவிட்டேன். சரிதான்.

அதற்குள் காடு மாறிவிட்டிருந்தது. ஈத்தைப் புதர்கள் தலைக்கு மேலே வளைந்து குகைபோல் மூடிக்கொண்டன. ஓரிடத்தில் அண்ணாச்சி கையைத் தூக்கினார். பத்துப் பேரும் நின்றோம். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. ஈத்தை முறிந்து கிடந்ததைக் காட்டினார். முறிந்த இடம் இன்னும் ஈரமாக இருந்தது. யானை போய்க் கொஞ்ச நேரம்தான் ஆகிறதாம். கால்மணி நேரம் யாரும் பேசவில்லை. எங்களோடு வந்த கோயம்புத்தூர் இளைஞன் ஒருவன் போணக்காட்டிலிருந்தே பாட்டுக் கேட்டுக்கொண்டு வந்தான். அவன்கூட நிறுத்திவிட்டான். அப்போதுதான் அந்தக் காட்டை முதல்முதலாகக் கேட்டேன். எங்கோ தண்ணீர். மேலே கிளைகளில் கருமந்தியின் அடித்தொண்டை முழக்கம். எதிர்ப் பாறையில் வரைக்கமுகுகள் காற்றில் உரசிக்கொள்ளும் சத்தம். யானைக்கு அந்தக் கமுகு என்றால் உயிராம். அதனால் யானைக்கு எட்டாத பாறையில்தான் அது மிஞ்சியிருக்கிறது என்றார்.

*

அதிருமலையில் யானை வராமலிருக்க முகாமைச் சுற்றி அகழி. கஞ்சியும் பயறும் கொடுத்தார்கள். பெண்களுக்கென்று தனி வசதி எதுவும் கிடையாது என்பதை வனத்துறை முன்கூட்டியே அறிவித்துவிடுகிறது. அந்த வாக்கு காப்பாற்றப்பட்டது. இருட்டியதும் குளிர் இறங்கியது. சமையல் அடுப்புப் பக்கம் அண்ணாச்சி உட்கார்ந்திருந்தார். நானும் போய் உட்கார்ந்தேன்.

வீட்டில் யார் யார் என்று கேட்டேன். மனைவி, இரண்டு பெண்கள், பேரப்பிள்ளைகள். அவர்கள் மேலே வந்திருக்கிறார்களா?

"இல்ல. அவங்க வரமாட்டாங்க."

"வரக்கூடாதா, வரமாட்டாங்களா?"

கொஞ்சம் யோசித்தார். "ரெண்டும் ஒண்ணுதான் எங்களுக்கு."

அகத்தியர் அவர்களுக்குக் குரு. உச்சியில் பெண்கள் கால் வைப்பதில்லை என்பது வழிவழியாக வந்தது. நான் எம்.ஏ. தமிழ் ஆயிற்றே, சும்மா இருப்பேனா? அகத்தியருக்கு லோபாமுத்திரை என்று மனைவி உண்டே, ரிக் வேதத்திலேயே அந்த அம்மாள் பெயர் வருகிறதே என்றேன். தொல்காப்பியத்தில் அகத்தியர் பெயரே இல்லை, அவருடைய கதையெல்லாம் பின்னால் வந்த உரைகளில்தான் பெரிதாகிறது என்றும் சொன்னேன். வீரசோழியம் எழுதிய புத்தமித்திரர், அவலோகிதரிடம் அகத்தியர் தமிழ் கேட்டதாகச் சொல்கிறாரே, பௌத்தர்களும் இந்த மலையைச் சொந்தம் கொண்டாடியிருக்கிறார்களே என்றேன். அவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். அடுப்பில் ஒரு விறகைத் தள்ளினார்.

"புஸ்தகத்துல அப்படி இருக்குமா இருக்கும்" என்றார்.

எனக்கு வெட்கமாகிவிட்டது. 2019ல் நான் வெட்டிய பத்தியைப் பற்றி அவரிடம் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. குளிர், களைப்பு, இருட்டு. அவருக்கு அது பெரிய குற்றமாகப் படவில்லை. "எங்க பேரு அதுல வந்திருந்தாலும் யாரு படிச்சிருக்கப் போறா?" என்றார்.

"நீங்க ஏறவேண்டாம்னு சொன்னா நான் இங்கேயே இருந்துடறேன் அண்ணாச்சி" என்றேன். உண்மையாகத்தான் சொன்னேன், அல்லது உண்மை என்று அப்போது நினைத்தேன்.

"கோர்ட்டு சொல்லிச்சு. பாரஸ்ட்டு சீட்டுக் குடுத்துச்சு. நீங்களும் பணம் கட்டி வந்துட்டீங்க. எனக்கும் இதுலதான் கூலி. அப்பல்லாம் எங்ககிட்ட ஒருத்தரும் கேக்கல. இப்ப ராத்திரி இந்த அடுப்புகிட்ட உக்காந்து கேட்டா நான் என்னம்மா சொல்லுவேன்?"

கோபமாகச் சொல்லவில்லை. கணக்குச் சொல்வதுபோல் சொன்னார். பிறகு, காலையில் ஏழு மணிக்குக் கிளம்பவேண்டும், தூங்குங்கள் என்றார்.

தூக்கம் வரவில்லை. தகரக் கூரையில் காற்று அடித்துக்கொண்டே இருந்தது. என்னை ஒரு இடத்துக்குள் விடமாட்டேன் என்கிற வழக்கத்தை நான் ஏன் மதிக்கவேண்டும்? வழிவழியாக வந்தது என்று சொல்லித்தானே ஊர் உலகத்தில் எல்லா வாசலையும் அடைத்தார்கள்? ஆனால் கோயில் நிர்வாகம் சொல்லும் 'கூடாது'வும், தலைமுறை தலைமுறையாக இந்தக் காட்டிலேயே இருந்துகொண்டு, தாங்கள் எங்கே வசிக்கலாம், எதைப் பறிக்கலாம் என்று யார் யாரிடமோ அனுமதி கேட்டு நிற்கும் ஒரு ஜனம் சொல்லும் 'கூடாது'வும் ஒன்றுதானா? அந்த ஜனத்துக்குள்ளேயும் பெண்கள் இருக்கிறார்களே, அவர்களுக்கு 'வரக்கூடாது'வும் 'வரமாட்டேன்'னும் நிஜமாகவே ஒன்றுதானா? விடியும்வரை புரண்டேன். பதில் கிடைக்கவில்லை. காலையில் காலணி நாடாவை இறுக்கிக்கொண்டு கிளம்பினேன். இதைப் பூசி மெழுக விரும்பவில்லை. எனக்கு ஏற ஆசை, ஏறினேன்.

*

அதிருமலையிலிருந்து உச்சி ஏறக்குறைய ஆறு கிலோமீட்டர். ஈத்தைக் காட்டைத் தாண்டினால் பொங்காலைப்பாறை. பரந்த பாறை, மேலே ஓடும் நீர், யாத்திரை வந்தவர்கள் பொங்கல் வைத்த இடம். அதற்கப்புறம் மரங்கள் குட்டையாகிவிடுகின்றன. காற்று அவற்றை வளரவிடுவதில்லை. பாசி போர்த்திய கிளைகளுக்கிடையே வேர்களைப் பிடித்து ஏறவேண்டும். கடைசியில் மொட்டைப் பாறைகள். கம்பிக்கயிறு கட்டியிருக்கிறார்கள். பிடித்துக்கொண்டு உடம்பைப் பின்னால் சாய்த்துப் பாறையில் நடக்கவேண்டும். இரண்டாவது கயிற்றின் நடுவில் என் கால் நடுங்க ஆரம்பித்தது. கீழே பார்த்துவிட்டேன். அண்ணாச்சி மேலேயிருந்து, கயிற்றைப் பார், வேறெதையும் பார்க்காதே என்றார். பிறகு கை கொடுத்தார். அந்தக் கையைப் பிடித்துத்தான் ஏறினேன்.

உச்சியில் அகத்தியர் சிலை. குட்டையான, எளிய சிலை. மேகம் எங்களைச் சுற்றிப் போய்க்கொண்டிருந்தது. விலகியபோது மேற்கே நெய்யாறு அணையின் நீர் மின்னியது. கிழக்கே மலை மடிப்புகள், அதற்கப்பால் வெளிர்ந்த சமவெளி. பாளையங்கோட்டை எந்தத் திசை என்று தேடினேன். புழுதி மூட்டம். மொட்டைமாடியிலிருந்து மலை தெரிந்தது, மலையிலிருந்து மொட்டைமாடி தெரியவில்லை.

1855ல் ஜான் ஆலன் பிரவுன் என்ற விஞ்ஞானி இந்த மலையில் ஓர் ஆய்வு நிலையம் அமைத்தார். திருவனந்தபுரம் வானாய்வகத்தின் இயக்குநர் அவர். பூமியின் காந்தத்தையும் வானிலையையும் இவ்வளவு உயரத்தில் அளந்து பார்க்க ஆசைப்பட்டார். காந்தமானிகளும் காற்றழுத்தமானிகளும் இந்தப் பாறைகளில் தாமாக ஏறியிருக்காது. யாரோ தோளில் தூக்கியிருக்கிறார்கள். நேற்று முதல் என் பையில் பாதியை அண்ணாச்சி தூக்கிக்கொண்டு வந்தது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

மற்றவர்கள் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அண்ணாச்சி செருப்பைக் கழற்றிவிட்டுச் சற்றுத் தள்ளி நின்று கும்பிட்டார். நான் படம் எடுக்கவில்லை.

*

இறங்கும்போது ஆரோக்கியப்பச்சையைப் பற்றிக் கேட்டேன். அதற்கும் என் தொழிலுக்கும் ஒரு கணக்கு உண்டு. 1987ல் ஒரு விஞ்ஞானிகள் குழு இந்தக் காட்டில் ஆய்வுக்கு வந்தது. கூட வந்த காணி வழிகாட்டிகள் ஏதோ காயைத் தின்றுகொண்டே களைப்பில்லாமல் நடந்தார்கள். விஞ்ஞானிகளுக்கு மூச்சு வாங்கியது. அது என்ன என்று கேட்டபோது காணிகள் முதலில் சொல்லத் தயங்கினார்கள். பிறகு காட்டினார்கள். அந்தச் செடியோடு வேறு மூலிகைகளும் சேர்த்து 'ஜீவனி' என்ற மருந்து உருவானது. பாலோட்டிலுள்ள வெப்பமண்டலத் தாவரவியல் தோட்ட நிறுவனம் 1990களின் நடுவில் அந்தத் தயாரிப்பு உரிமையை ஒரு ஆயுர்வேத நிறுவனத்துக்குக் கொடுத்தது. பத்து லட்சம் ரூபாயும், விற்பனையில் இரண்டு சதவீதமும் விலை. அதில் பாதி காணிகளுக்கு என்று முடிவானது. 1997ல் அவர்களுக்காக ஓர் அறக்கட்டளை பதிவானது. பழங்குடிகளின் அறிவுக்கு உரிய பங்கு கொடுத்ததற்கு உலக அளவில் எடுத்துக்காட்டாக இன்றும் இதைச் சொல்கிறார்கள். பெருமைப்பட வேண்டிய ஏற்பாடுதான். ஆனால் இலை வேண்டும் என்ற தேவை பெருகியபோது, காட்டிலிருந்து பறிக்க வனச்சட்டம் குறுக்கே நின்றது. செடியை அறிந்தவர்கள் ஒருபுறம், காட்டுக்குப் பொறுப்பானவர்கள் மறுபுறம் என்றாகிவிட்டது.

மொழிபெயர்ப்பு வேலைக்குச் சேர்ந்த புதிதில் இந்தக் கதையைச் சொன்ன ஆங்கிலக் கட்டுரை ஒன்றைத் தமிழாக்கினேன். 'விஞ்ஞானிகள் அரிய மூலிகையைக் கண்டுபிடித்தனர்' என்று எழுதினேன். இலக்கணப்படி அந்த வாக்கியத்தில் பிழையில்லை. யாரும் தொலைக்காத ஒன்றைக் கண்டுபிடித்ததாக எழுதிவிட்டேன் என்பது அன்று எனக்குப் படவில்லை.

"அந்தச் செடி இந்தப் பக்கம் இருக்கா அண்ணாச்சி?"

"இங்க இல்லம்மா. அது வேற பக்கம்."

"எந்தப் பக்கம்?"

அவர் கத்தியால் பொதுவாக ஒரு திசையைக் காட்டினார். அந்தத் திசையில் தமிழ்நாடும் கேரளமும் இரண்டுமே இருந்தன.

அதிருமலைக்குக் கொஞ்சம் முன்னால், நான் மூச்சு வாங்க நின்ற இடத்தில், அவர் பாதையை விட்டு நாலு எட்டு உள்ளே போனார். குனிந்தார். திரும்பி வந்தபோது வாயில் எதையோ மென்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்தார். நானும் பார்த்தேன். பாளையங்கோட்டையில் ஒரு கேள்வியைக் கேட்காமல் விட்டதற்காகப் பல வருஷம் என்னையே கடிந்துகொண்டிருக்கிறேன். இந்த முறையும் கேட்கவில்லை. அவர் முன்னால் நடந்தார், நான் பின்னால் நடந்தேன்.

மூன்றாம் நாள் போணக்காட்டுக்குத் திரும்பிப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டேன். விடைபெறும்போது, உங்கள் வீட்டுக்காரம்மாவிடம் என்ன சொல்வீர்கள் என்று கேட்டேன். "ஒரு அம்மா வந்தாங்க, ஏறினாங்க, நல்லபடியா இறங்கினாங்கன்னு சொல்லுவேன்" என்றார். அவ்வளவுதான். மன்னித்ததாகவும் சொல்லவில்லை, குற்றம் சாட்டவும் இல்லை.

இன்னொரு முறை வாய்ப்புக் கிடைத்தால் ஏறுவேனா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். மலைக்குக் கட்டாயம் போவேன். முதலில் அண்ணாச்சியின் வீட்டுக்குப் போய் அந்த அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போவேன். அவர் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியாது. வேண்டாம் என்றால் பொங்காலைப்பாறையோடு திரும்ப என்னால் முடியுமா என்பதும் தெரியாது.

இப்போதைக்குச் செய்ய முடிந்தது ஒன்றுதான். 2019ல் நான் வெட்டிய பத்தி ஏறக்குறைய இதுதான். இத்தனை வருஷம் தாமதமாக இங்கே சேர்த்துவிடுகிறேன்: அகத்தியர் தங்கள் குரு என்றும், தங்கள் பெண்கள் உட்பட எந்தப் பெண்ணும் அவர் இருக்கும் உச்சியில் கால் வைப்பதில்லை என்றும் காணி மக்கள் சொன்னார்கள். அடிவாரத்தில் உட்கார்ந்து எதிர்ப்பைத் தெரிவித்தார்கள். யாரையும் தடுக்கவில்லை.